இருநூறு பேருக்கான பாட்டு

லண்டன் ஏஞ்சல் ஸ்டேஷனில் இறங்கி, பென்டன்வில் சாலையில் கிங்ஸ் கிராஸ் பக்கமாக நடந்தால் சில நிமிடங்களில் லெக்சிங்டன் வந்துவிடும். கீழ்த்தளம் பப். அமெரிக்க விஸ்கிக்குப் பெயர்போனது. மாடியில் ஓர் அறை, தாழ்வான மேடை, ஒரு பார். இருநூறு பேர் நிற்கலாம். வாரத்தில் பெரும்பாலான இரவுகளில் அங்கே யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். பாட்டு கேட்க இந்த நகரத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி. ஓ2 அரங்கில் இருபதாயிரம் பேரோடு உட்கார்ந்தும் கேட்டிருக்கிறேன். அங்கே போவது தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் இண்டி பாப் கேட்கிற ஆள். அந்த இசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துவது இந்த மாடியறைகள்தான்.

இண்டி பாப் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகளின் தயவை எதிர்பார்க்காமல், சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு நிறுவனங்கள், வெளியிடும் கிட்டார் பாட்டு. மெட்டு சட்டென்று வாயில் ஒட்டிக்கொள்ளும். குரல் மெல்லிசாக இருக்கும், வித்தை காட்டாது. வரிகளில் பஸ் வரும், மழை வரும், வாடகை வீடு வரும், சொல்லாமல் விட்ட காதல் கட்டாயம் வரும். கிளாஸ்கோவின் தி பேஸ்டல்ஸ், பெல் அண்ட் செபாஸ்டியன், கேமரா அப்ஸ்க்யூரா, லண்டனின் அல்லோ டார்லின் என்று பெயர்கள் நீளும்.

சரி, சின்ன அறையில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் சத்தம். பெரிய அரங்கில் எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத்தான் காதுக்கு வரும். இங்கே டிரம்ஸ் சத்தம் டிரம்மிலிருந்தே நேராக வருகிறது. கிட்டார் சத்தம், வாசிப்பவரின் காலுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வருகிறது. ஸ்பீக்கரை முழுக்க நம்பியிருப்பது குரல் ஒன்றுதான். அதனால் நிற்கும் இடத்தை மாற்றினால் பாட்டே கொஞ்சம் மாறும். பேஸ் கிட்டார் இருக்கும் பக்கம் நின்றால் அது வயிற்றில் இறங்கும். நாலடி தள்ளி நின்றால் கீபோர்டு மேலே வந்துவிடும்.

சவுண்ட் இன்ஜினியருக்கு இதுதான் பெரிய தலைவலி. டிரம்ஸைக் குறைக்க அவர் கையில் பொத்தான் கிடையாது. மெல்லிய குரலை டிரம்ஸுக்கு மேலே தூக்க மைக்கைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வீல் என்று கத்திவிடும். அதனால் இந்த அறைகளில் பழகிய டிரம்மர்கள் கையை அடக்கி வாசிப்பார்கள். ஸ்னேர் டிரம் மேல் ஒரு சமையலறைத் துண்டை மடித்துப் போட்டிருப்பார் ஒருவர். இன்னொருவர் வழக்கமான குச்சியை விட்டுவிட்டு மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ஒன்றை எடுப்பார். பாடுகிறவள் அன்றைக்கு எவ்வளவு குரல் வைத்திருக்கிறாளோ அதற்குள் மற்ற மூன்று பேரும் அடங்கி நிற்கிறார்கள். இதைக் கண்ணெதிரே பார்ப்பது எனக்குப் பாட்டைவிடப் பெரிய சந்தோஷம். ஒருவர் தலையைத் திருப்பி இன்னொருவரைப் பார்ப்பது, அடுத்த வரியில் சத்தம் தணிவது, இரண்டையும் ஆறடி தூரத்தில் பார்க்கலாம்.

கேட்பவர்களும் இதில் ஒரு பாதி. கில்பர்ன் ஹை ரோட்டில் லூமினேர் என்று ஓர் அரங்கு இருந்தது. பாடும்போது பேசாதீர்கள், உங்கள் நண்பரோடு நீங்கள் பேசுவதைக் கேட்க இங்கே யாரும் காசு கொடுத்து வரவில்லை என்ற கருத்தில் சுவரிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். லண்டன் மாதிரி ஊரில், மது விற்றுப் பிழைக்கும் இடம் இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த வாசகத்துக்காகவே அந்த இடத்தைக் கொண்டாடியவர்கள் உண்டு. 2011-ல் மூடிவிட்டார்கள். இன்றும் எந்த அறையிலாவது பின்வரிசையில் நாலு பேர் அலுவலகக் கதையைச் சத்தமாகப் பேசினால், யாராவது ஒருவர் லூமினேரை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

இந்த இசை பிறந்ததே இப்படிப்பட்ட அறைகளில்தான். 1983-ல் ஆலன் மெக்கீ என்ற கிளாஸ்கோக்காரர் லண்டனில் ஒரு பப்பின் மாடியில் தி லிவிங் ரூம் என்ற பெயரில் வாராவாரம் கச்சேரி வைக்க ஆரம்பித்தார். அதே வருடம் அவருடைய கிரியேஷன் லேபிளும் தொடங்கியது. 1986-ல் என்எம்இ என்ற இசைப் பத்திரிகை சி86 என்று ஒரு கேசட் வெளியிட்டது. அது வந்தபிறகுதான் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த இந்தக் குழுக்களை ஒரே கூட்டமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் கிளேர் வாட், மேட் ஹெய்ன்ஸ் இருவரும் சாரா ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார்கள்.

சாராவைப் பற்றி எனக்கு ஓயாமல் பேசத் தோன்றும். ஏழு அங்குல இசைத்தட்டுதான் அவர்களுக்கு உயிர். ஏழை மாணவனும் கைக்காசு கொடுத்து வாங்கக்கூடியது அது என்பதால். ஒரே பாட்டைப் பல வடிவங்களில் வெளியிட்டு ரசிகர் பையில் கையை விடும் வழக்கத்தை அவர்கள் அடியோடு வெறுத்தார்கள். தட்டு உறைக்குள் கடிதம் மாதிரி ஒரு தாள் வைத்து அனுப்புவார்கள். லண்டன்தான் உலகம் என்பதை ஏற்கவே இல்லை. தொகுப்புகளுக்குப் பிரிஸ்டல் சுற்றுவட்டார இடங்களின் பெயர்களையே வைத்தார்கள். லண்டன் பத்திரிகைகளில் பலர் அவர்களைக் கிள்ளுக்கீரையாக எண்ணினார்கள், குழந்தைத்தனம் என்று எழுதினார்கள். அதில் பெண்கள் பாடிய, ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்திய ஒன்றின் மேல் இருந்த இளக்காரமும் கலந்திருந்தது என்று கிளேர் வாட் பின்னாளில் பேசியிருக்கிறார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. 1995-ல் நூறாவது வெளியீடு வந்ததும், கடன் இல்லை, சண்டை இல்லை, போதும் என்று தாங்களே நிறுத்திக்கொண்டார்கள். விடைபெறும் விழா நடந்தது பிரிஸ்டல் துறைமுகத்தில் நிற்கும் தெக்லா என்ற பழைய கப்பலில். அந்தக் கப்பலின் வயிற்றில் இன்றும் கச்சேரி நடக்கிறது.

ஏறக்குறைய அதே குணத்தோடு பிற்பாடு இண்டிட்ராக்ஸ் வந்தது. டெர்பிஷயரில் நீராவி ரயில்களைப் பாதுகாத்து ஓட்டும் ஓர் இடத்தில் 2007 முதல் 2019 வரை நடந்த கோடை விழா. அங்கே ஒரு பழைய தகரத் தேவாலயத்திலும், ஓடும் ரயில்பெட்டிக்குள்ளேயும் பாடினார்கள். ரயில்பெட்டியில் எத்தனை பேர் ஏற முடியுமோ அவ்வளவுதான் கூட்டம். அந்த விழா நின்றுபோனதில் எனக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை.

என் பெரியம்மா மகள் மதுரையிலிருந்து ஒருமுறை லண்டன் வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளையும் இப்படியொரு கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். மண்டபத்துக்குக் கிளம்புகிற மாதிரி பட்டு துப்பட்டா போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் ஒரு பையன் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு அவள் கையில் முத்திரை குத்தினான். மாடியேறியதும் நாற்காலி தேடினாள். ஒன்றுமில்லை. சுவரோரம் ஒரு திண்டு மாதிரி இருந்த இடத்தில் சாய்ந்து நின்றாள்.

முதல் குழு வாசித்து முடித்ததும் அவர்களே கேபிளைச் சுருட்டி, அவர்களே டிரம்ஸைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். பாடிய பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக அறையின் பின்பக்கம் வந்து ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மேசையில் இசைத்தட்டு, டி-ஷர்ட், துணிப்பை, பேட்ஜ். ஒரு பிஸ்கட் டப்பாவில் சில்லறை.

அக்கா என் தோளைத் தட்டினாள். “ஏண்டி, பாடுன பொண்ணே கடை போட்டு விக்குது?”

“ஆமாக்கா. இங்க அப்படித்தான்.”

“ஆள் வச்சுக்க மாட்டாங்களா?”

“ஆள் வச்சா அதுக்குக் கூலி குடுக்கணுமே.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் போய் ஒரு துணிப்பை வாங்கினாள். தன் ஆங்கிலத்தில், மூன்றாவது பாட்டு யாரைப் பற்றி என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டாள். நான் எத்தனையோ கச்சேரிக்குப் போயும் யாரிடமும் கேட்டிராத கேள்வி. அந்தப் பெண் முகம் மலர்ந்து, அது தன் பாட்டியின் வீட்டைப் பற்றியது, வீட்டை விற்றுவிட்டார்கள், விற்ற பிறகுதான் எழுதினேன் என்றாள். “எங்க வீட்டையும் வித்துட்டாங்க” என்றாள் அக்கா. பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்க, இருவரும் வீடு விற்ற கதையைப் பேசினார்கள். அந்தக் குழுவின் பெயரை அக்கா இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை. பாட்டை மட்டும் சரியாக முணுமுணுப்பாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆசிரியர், நூலகர், நர்ஸ், கணினிக்காரர். இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அமீலியா ஃப்ளெட்சர். 1986-ல் ஆக்ஸ்போர்டில் டலூலா காஷ் குழுவில் பாட ஆரம்பித்தவர், பிறகு சாரா லேபிளில் ஹெவன்லி குழுவில் பாடினார். அந்தப் பக்கம் பொருளாதாரம் படித்து, பிரிட்டன் அரசின் நியாய வணிக அலுவலகத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராகப் பல ஆண்டுகள் இருந்தார். இப்போது பேராசிரியர். சந்தைப் போட்டி, நுகர்வோர் பாதுகாப்பு ஆகியவைதான் அவருடைய துறை. 1996-ல் ஹெவன்லியின் டிரம்மராக இருந்த அவர் தம்பி மேத்யூ இறந்ததோடு அந்தக் குழு நின்றுபோனது. அவர் பாடுவதை நிறுத்தவில்லை. வேறு வேறு பெயர்களில், சின்னச் சின்ன அறைகளில் பாடிக்கொண்டே இருந்தார். கணவர் ராப் பர்சியோடு சேர்ந்து ஸ்கெப் வேக்ஸ் என்று லேபிளும் நடத்துகிறார். 2023-ல் ஹெவன்லி மறுபடி ஒன்றுகூடி லண்டன் புஷ் ஹாலில் மேடையேறியது. அந்தக் குழு கலைந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் இன்று அந்தப் பாட்டுகளை வரி தவறாமல் பாடுகிறார்கள்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருநூறு பேர் நிற்கும் அறையில் 120 டிக்கெட் விற்கிறது, ஒன்று 12 பவுண்டு. மொத்தம் 1,440. அதற்குள்ளேயே மதிப்புக்கூட்டு வரி அடக்கம்; 1,200-க்கு 20 சதவீதம் என்று 240 போயிற்று. மீதி 1,200. பாட்டெழுதியவர்களுக்கான உரிமத்தொகை 4.2 சதவீதம், ஐம்பது பவுண்டு. அறை வாடகை, சவுண்ட் இன்ஜினியர், வாசலில் நிற்பவர் எல்லாம் சேர்த்து ஒரு 400 என்று வையுங்கள். முதலில் வாசிக்கும் இரண்டு குழுக்களுக்குத் தலா 100. போஸ்டர், தண்ணீர், பீர், சாப்பாடு 50. கடைசியில் கையில் நிற்பது 500. கிளாஸ்கோவிலிருந்து வேன் வாடகைக்கு எடுத்து, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் போட்டு, நாலு பேர் வந்து, இரவு தங்கி, திரும்பிப் போக வேண்டும். கச்சேரியை ஏற்பாடு செய்த புரமோட்டருக்கு இந்தக் கணக்கில் ஒரு பைசா இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அறுபது டிக்கெட்தான் விற்றது என்றால் அவர் கைக்காசுதான் போகும். இதைத் தெரிந்தே மாதாமாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கை தானாகக் கும்பிடுகிறது.

அரங்கு நடத்துபவர் நிலைமையும் அதேதான். மாடியில் பாட்டு நஷ்டத்தில் ஓடும். அதைக் கீழே விற்கும் பீர் தாங்க வேண்டும். வாடகை ஏறுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது, இளைஞர்கள் முன்போலக் குடிப்பதும் இல்லை. பிரிட்டனின் சிறு இசை அரங்குகளுக்காக 2014-ல் தொடங்கப்பட்ட மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023-ல் மட்டும் 125 அரங்குகள் மூடப்பட்டன அல்லது கச்சேரியை நிறுத்திவிட்டன என்று கணக்குச் சொல்கிறது. தப்பித்த அரங்குகளின் சராசரி லாபம் 0.5 சதவீதம். அந்த ஆண்டு டிசம்பரில் பாத் நகரத்தின் மோல்ஸ் போயிற்று, 45 வருடம் ஓடிய இடம். லண்டனில் ஹைபரி ஸ்டேஷனை ஒட்டிய பஃபலோ பார் 2014-ன் கடைசி இரவோடு முடிந்தது. டால்ஸ்டனின் பவர் லஞ்சஸ் அடுத்த வருடம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் தங்கள் இளமையை அங்கே கழித்த ஒரு தலைமுறை இருக்கிறது.

பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி வந்து, குடியேறியவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்து, முப்பது வருடமாக அங்கேயே இருந்த அரங்கு மூடப்படுவது ஒரு காலத்தில் சகஜமாக இருந்தது. 2018-ல் இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகளில் ஒரு மாற்றம் வந்தது: புதிதாக வருகிறவர்தான் சத்தத்தடுப்புக்குப் பொறுப்பு. பிறகும் வழக்குகள் ஓயவில்லை. ஆனால் வாதாட ஒரு பிடி கிடைத்தது.

இந்த அறைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போது எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. 1993 மே 31-ல் கிளாஸ்கோவின் கிங் டட்ஸ் என்ற சின்ன அரங்கில், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒயாசிஸ் குழுவினர் வாசித்தார்கள். தற்செயலாக அங்கே இருந்த கிரியேஷன் லேபிளின் ஆலன் மெக்கீ அவர்களைக் கேட்டு, உடனே ஒப்பந்தம் பேசினார். மீதி ஊரறிந்த கதை. இந்தச் சின்ன அரங்குகள் இல்லாவிட்டால் அடுத்த ஒயாசிஸ் எங்கிருந்து வருவார்கள் என்று நாடாளுமன்றக் குழு முன்னாலும் கேட்கிறார்கள், டிவியிலும் கேட்கிறார்கள்.

அந்த வாதத்தால் காசு வருகிறது. அதை மறுக்கவில்லை. கோல்ட்பிளே குழுவினர் 2025-ல் லண்டனின் வெம்பிளி ஸ்டேடியத்திலும் ஹல் நகரத்திலும் நடத்திய கச்சேரிகளில் தங்கள் பங்கில் 10 சதவீதத்தை மியூசிக் வென்யூ டிரஸ்டுக்கு ஒதுக்கினார்கள். பெரிய அரங்கு டிக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு சின்ன அரங்குகளுக்குப் போக வேண்டும் என்ற கோரிக்கைக்கு 2024-ல் அரசின் ஆதரவும் கிடைத்தது, கட்டாயம் என்று சொல்லவில்லை என்றாலும். வரட்டும், நல்லதுதான்.

ஆனால் அந்தக் காரணம் என் நெஞ்சில் ஒட்டுவதில்லை. அதன்படி பார்த்தால் இந்த மாடியறை ஒரு நாற்றங்கால், இங்கிருந்து பிடுங்கி வேறெங்கோ நட்டால்தான் விளைச்சல். தி பேஸ்டல்ஸ் 1981-லிருந்து இருக்கிறார்கள். பெரிய அரங்குகளில் வாசித்து முன்னுக்கு வந்தவர்கள் இல்லை. அந்தக் குழுவின் ஸ்டீஃபன் கிளாஸ்கோவில், மோனோ என்ற சாப்பாட்டுக் கடைக்குள் இருக்கும் மோனோரெயில் இசைத்தட்டுக் கடையை நடத்துபவர்களில் ஒருவர். நேரே போனால் கல்லாவில் அவரையே பார்க்கலாம். நாற்பது வருடமாக அவர்கள் செய்தது எதற்கும் முன்னோட்டம் இல்லை. அக்கா பேசிய அந்தப் பெண் நாளைக்கு வெம்பிளி போனாலும் போகாவிட்டாலும், பாட்டி வீட்டுப் பாட்டு அன்றைக்கே முழுசாக நடந்து முடிந்துவிட்டது. இருநூறு பேருக்கு எழுதி, இருநூறு பேரிடம் போய்ச் சேர்ந்தால் அது வெற்றிதான். இதை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்கும் நாள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நூலகம் நடத்த, அங்கே படித்து யாராவது நோபல் பரிசு வாங்க வேண்டும் என்று நாம் நிபந்தனை போடுவதில்லையே.

கொஞ்சம் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. சின்ன அரங்குகளில் பெரும்பாலானவை வாடகைக் கட்டடத்தில் இருப்பவை. உரிமையாளர் மனம் மாறினால் கதை முடிந்தது. அதனால் டிரஸ்ட் பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டி, கட்டடங்களையே வாங்க ஆரம்பித்திருக்கிறது. முதலில் வாங்கியது 2023-ல், மான்செஸ்டர் பக்கம் ஆதர்டன் என்ற சிறு ஊரில் இருக்கும் ஸ்னக். பகலில் காபிக் கடை, இரவில் கச்சேரி. கச்சேரி நடக்கும் வரை அந்த இடத்தை யாரும் அடுக்குமாடியாக மாற்ற முடியாது.

இந்த ஊர்களில் தமிழர்கள் ஏராளமாக இருக்கிறோம். இந்த அறைகளில் நம் முகங்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். போய்ப் பாருங்கள். லண்டனில் லெக்சிங்டன், பிரிக்ஸ்டனில் விண்ட்மில், லீட்ஸில் புருடனெல் சோஷியல் கிளப், பிரிஸ்டலில் லூசியானா, கிளாஸ்கோவில் மோனோ. பாட்டுகளை முன்பே கேட்டிருக்க வேண்டியதில்லை. தனியாகப் போகலாம், பாதிப் பேர் தனியாகத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் பதினொன்றுக்குள் முடிந்துவிடும், கடைசி ரயிலைப் பிடித்துவிடலாம். காதுக்கு அடைப்பான் எடுத்துப்போங்கள். முக்கியமாக, டிக்கெட்டில் ஏழரை என்று போட்டிருந்தால் ஏழரைக்கே போய்விடுங்கள். எட்டு மணிக்கு முதலில் ஏறும் குழுவின் பெயர் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அவர்களைப் பார்க்கத்தான் ஆளே இருக்காது.